அது ஏன் அவளைக் கொன்றது? விக்டர் எரிசேயின் ‘தேன்கூட்டின் ஆவி’

ஊர் மண்டபத்தின் இருட்டில் அனா என்ற ஆறு வயதுச் சிறுமி வாய் லேசாகத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சற்று முன்பு ஏரிக்கரையில் பூக்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தையை, இப்போது அவளுடைய தகப்பன் பிணமாகக் கைகளில் ஏந்தித் தெருவழியே நடந்துவருகிறான். சிறுமி பக்கத்தில் இருக்கும் அக்காவிடம், “அது ஏன் அவளைக் கொன்றது?” என்று மெல்லக் கேட்கிறாள். “அப்புறம் சொல்கிறேன்” என்கிறாள் அக்கா. அந்த ‘அப்புறம்’ உண்மையில் வருவதேயில்லை. ஸ்பானிய இயக்குநர் விக்டர் எரிசே 1973இல் எடுத்த ‘எல் எஸ்பிரித்து தே லா கொல்மேனா’, தமிழில் சொன்னால் ‘தேன்கூட்டின் ஆவி’, தன்னுடைய 97 நிமிடங்களையும் இந்த ஒரு கேள்விக்குப் பின்னாலேயே நடந்து கழிக்கிறது. ஸ்பானிய மொழியில், ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தைப் பேசும் படங்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்தப் படத்தைத்தான்.

குழந்தைகள் வரைந்த கோட்டுச் சித்திரங்களின்மீது பெயர்கள் ஓடுகின்றன. ரயில், பூனை, காளான், கிணறு, நெருப்பைத் தாண்டும் பிள்ளைகள் என்று அந்தச் சித்திரங்களில் இருப்பவையெல்லாம் பின்னால் கதையில் வரப்போகின்றன. முதன்முறை பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, இரண்டாம் முறை பார்க்கும்போது நெஞ்சைப் பிசைகிறது. பிறகு ‘முன்னொரு காலத்தில்’ என்று ஒரு வரி தோன்றி மறைகிறது. அதை அடுத்து, இடம் காஸ்டீலியப் பீடபூமி, காலம் 1940 வாக்கில் என்று இன்னொரு வரி. பாட்டி கதையின் தொடக்கமும் வரலாற்றின் ஆண்டும் இப்படி அடுத்தடுத்து நிற்பதிலேயே இயக்குநர் எந்த வழியில் போகப்போகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. போர் 1939 ஏப்ரல் 1ஆம் தேதி முடிந்துவிட்டது. வென்றவர், குடியரசு அரசை எதிர்த்துக் கிளம்பிய படைத்தளபதி பிராங்கோ. படத்தில் அவர் பெயரை ஒருவரும் உச்சரிப்பதில்லை. ஊர் எல்லைச் சுவரில் ஹோயுவேலோஸ் என்ற பெயருடன் நுகத்தடியும் அம்புகளும் சேர்ந்த, அவருடைய ஆட்சியின் கட்சியான ஃபலாங்கேயின் சின்னம் மட்டும் வரையப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டித்தான் படப்பெட்டி ஏற்றிய வண்டி ஊருக்குள் வருகிறது.

ஹோயுவேலோஸ் செகோவியா மாகாணத்தில் இருக்கும் உண்மையான சிற்றூர். படம் அங்கேயே எடுக்கப்பட்டது. வண்டியைக் கண்டதும் பிள்ளைகள் “சினிமா! சினிமா!” என்று கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஒரு மூதாட்டி ஊதுகொம்பை ஊதி, தண்டோரா போடுவதைப் போல அன்று மாலைக் காட்சியை அறிவிக்கிறாள். சனங்கள் தத்தம் வீட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வருகிறார்கள். காட்டப்படும் படம், ஜேம்ஸ் வேல் இயக்கி போரிஸ் கார்லாஃப் பூதமாக நடித்த 1931ஆம் ஆண்டு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. போர் முடிந்து ஓராண்டான ஓர் ஊரில், எத்தனை வீடுகளில் யார் யார் திரும்பி வரவில்லை என்று நமக்குச் சொல்லப்படாத ஓர் ஊரில், பிணங்களின் துண்டுகளைத் தைத்து உயிர் கொடுத்த ஒரு பூதத்தின் கதையை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்த ஏரிக்கரைக் காட்சியைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் என் பார்வையில் படத்தின் முழு வலிமையும் அதற்குள்தான் இருக்கிறது. வேலின் படத்தில் மரியா என்ற அந்தக் குழந்தை பூதத்தைக் கண்டு பயப்படுவதில்லை. அதன் கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துப்போய், பூக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு, அவை படகுபோல மிதப்பதைக் காட்டுகிறாள். பூதம் சிரிக்கிறது. பூக்கள் தீர்ந்துபோனதும், அவளும் மிதப்பாள் என்று எண்ணி அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறது. அவள் மூழ்கியதும் பதறுகிறது. இந்தத் துண்டு மிகக் கொடூரம் என்று கருதப்பட்டுப் பல காலம் பிரதிகளிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. 1980களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. எரிசேயின் படத்திலும் அனாவுக்கு அது காட்டப்படுவதில்லை. அவள் பார்ப்பது ஒன்றாக விளையாடும் இருவரை. அதற்கடுத்து ஒரு பிணத்தை. நடுவில் நடந்தது வெட்டுப்பட்டுப் போயிற்று.

பயங்கரத்தைக் குறைப்பதற்காக வெட்டினார்கள். ஆனால் வெட்டப்பட்டதில் போய்விட்டது பூதத்தின் அறியாமைதான். கத்தரிக்கோல் விழுந்த பிறகு மிஞ்சுவது காரணமில்லாத ஒரு கொலை. அனாவின் கேள்வி இந்த ஓட்டையில் பிறக்கிறது. அவளைச் சுற்றியிருக்கும் பெரியவர்களின் வாழ்க்கையிலும் இதே அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது: முன்னே ஏதோ ஒரு வாழ்வு, இப்போது இந்த மௌனம், நடுவில் 1936 முதல் 1939 வரை என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. அவள் திரையில் தேடுவதும் வீட்டில் தேடுவதும் ஒன்றே. அன்றிரவு படுக்கையில் அவள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறாள்: “பிறகு அதை ஏன் கொன்றார்கள்?” ஒரு போரைப் பற்றிக் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளும் இவைதான் என்பது எனக்கு மூன்றாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது.

மண்டபத்தில் அனாவின் முகத்தை நெருங்கிக் காட்டும் அந்தச் சில நொடிகள் நடிப்பல்ல. அனாவாக நடித்த அனா டோரென்ட் 1966இல் பிறந்தவர்; படப்பிடிப்பின்போது ஆறு வயது. அவர் உண்மையாகவே முதன்முறையாக ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பார்க்கும்போது, ஒளிப்பதிவாளர் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து எடுத்தது அது. பூதம் தோன்றும் கணத்தில் குழந்தையின் உடல் தன்னையறியாமல் சற்று முன்னுக்கு வருகிறது, கண்கள் விரிகின்றன. தன் வாழ்நாளில் தான் படம்பிடித்தவற்றில் மிக முக்கியமான கணம் இதுவே என்று எரிசே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கதாபாத்திரங்களுக்கு முதலில் வேறு பெயர்கள் இருந்தன என்பதும், ஒருவருக்கு ஏன் இரண்டு பெயர் என்று அனா குழம்பியதால் நடிகர்களின் சொந்தப் பெயர்களையே வைத்துவிட்டார்கள் என்பதும் இதையொட்டியே சொல்ல வேண்டிய செய்தி. அனா அனாவாகவே இருக்கிறாள். அக்கா இசபெல்லாக வருவது இசபெல் டெயேரியா. தந்தை ஃபெர்னாண்டோவாக ஃபெர்னாண்டோ ஃபெர்னான் கோமெஸ். தாய் தெரேசாவாக தெரேசா ஜிம்பேரா. கட்டுக்கதை எது, மெய் எது என்று பிரித்துப் பார்க்காத வயதை, அந்த வயதின் விதிப்படியே எடுத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் சினிமா பார்க்கும் நேரத்தில் தாயும் தந்தையும் வேறு வேறு இடங்களில் இருக்கிறார்கள். தந்தை வலைமுகமூடி அணிந்து, புகையூதித் தேனீப் பெட்டிகளைத் திறந்துகொண்டிருக்கிறார். தாய் கடிதம் எழுதுகிறாள். அவள் குரலில் நாம் கேட்கும் கடிதம், போரின் நடுவே பிரிந்துபோன யாரோ ஒருவருக்கானது. நாங்கள் உயிர்பிழைத்திருக்க முயல்கிறோம், நீ அறிந்த வீட்டில் சுவர்களைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை, வாழ்வை உணரும் சக்தியும் அந்தப் பொருள்களோடு போய்விட்டதோ என்று தோன்றுகிறது, இந்தக் கடிதம் உன்னை வந்தடையுமா என்பதும் தெரியாது என்ற பொருளில் எழுதுகிறாள். கடிதம் போவது காதலனுக்கா, உடன்பிறந்தவனுக்கா, நண்பனுக்கா என்று படம் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் சைக்கிளில் ரயில் நிலையத்துக்குப் போகிறாள். நின்றுகொண்டிருக்கும் ரயிலின் தபால் பெட்டியிலேயே கடிதத்தைப் போடுகிறாள். சன்னலோரத்தில் இருக்கும் ஓர் இளம் படைவீரன் அவளைப் பார்க்கிறான், அவளும் பார்க்கிறாள், வண்டி நகர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் காட்சி. 1939 தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் போனார்கள் என்ற வரலாற்றுச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த ரயிலும் அந்தக் கடிதமும் எத்தனை வீடுகளின் கதை என்பது புரியும்.

தந்தையைப் பற்றிப் படம் கொடுக்கும் தகவல் இன்னும் குறைவு. அனா புரட்டும் பழைய புகைப்பட ஆல்பத்தில், அவர் மிகேல் தே உனாமுனோவுடன் ஒரே குழுப்படத்தில் நிற்கிறார். உனாமுனோ சலமாங்கா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த தத்துவ அறிஞர். 1936 அக்டோபரில் பிராங்கோவின் தளபதிகள் முன்னிலையில் எதிர்த்துப் பேசியதற்காகப் பதவி பறிக்கப்பட்டு, வீட்டுக்குள் முடக்கப்பட்டு, அவ்வாண்டின் கடைசி நாளில் இறந்தவர். அப்படிப்பட்டவரோடு படம் எடுத்துக்கொண்ட ஒருவர் இப்போது தேனீ வளர்த்துக்கொண்டு இந்த மூலையில் ஏன் கிடக்கிறார் என்பதை ஸ்பானியப் பார்வையாளர்களுக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது. 1939 பிப்ரவரியில் வந்த அரசியல் பொறுப்புச் சட்டம், 1934 அக்டோபர் வரை பின்னோக்கிப் போய்க் குடியரசை ஆதரித்தவர்களைத் தண்டிக்க இடம் கொடுத்தது. பழைய புகைப்படம் ஒன்றுகூட ஒருவரை மாட்டிவிடக்கூடிய காலம். ஆகவே ஃபெர்னாண்டோ பேசுவதில்லை. இரவில் கண்ணாடித் தேன்கூட்டின் முன் உட்கார்ந்து, ஓயாமல் அலையும் தேனீக்களைப் பற்றிக் குறிப்பெழுதுகிறார். எழுதிய கடைசிச் சொற்களை அடித்துவிடுகிறார். அந்த வாசகமும் படத்தின் தலைப்பும் பெல்ஜிய எழுத்தாளர் மாரிஸ் மேட்டர்லிங்க் தேனீக்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வந்தவை.

அந்தப் பெரிய வீட்டின் சன்னல்களில் அறுகோண வடிவக் கண்ணாடிகள், தேன் நிறத்தில். வெளியே பனிக்கால வெயில் மங்கலாக இருந்தாலும் அறைக்குள் வரும்போது தேனில் முக்கியெடுத்ததுபோல ஆகிவிடுகிறது. இதை எடுத்த ஒளிப்பதிவாளர் லூயிஸ் குவாத்ராதோவுக்கு அப்போதே பார்வை மங்கிக்கொண்டிருந்தது. பின்னர் முழுவதும் இழந்தார், 1980இல் மறைந்தார். இச்செய்தியை அறிந்தபின் அந்த ஒளியைச் சாதாரணமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் தெரியாமல் பார்த்தாலும் படம் எதையும் இழப்பதில்லை: மேசையின் ஒரு பக்கம், ஒரு கன்னம், ஒரு கிண்ணம் என்று தேவையானதன்மீது மட்டும் வெளிச்சம் விழுகிறது, மற்றவை இருளில் தங்கிவிடுகின்றன. நான் முதன்முறை பார்த்தது தேய்ந்துபோன ஒரு பிரதி. அதில் மஞ்சள் அழுக்குப் பழுப்பாகத் தெரிந்தது, இரவுக் காட்சிகள் வெறும் கறுப்பாக இருந்தன, படம் எனக்குப் பிடிக்கவும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துச் சீரமைக்கப்பட்ட பிரதியில் பார்த்தபோது, நான் பார்த்ததாக நினைத்திருந்த படம் இது இல்லை என்று தெரிந்தது. நல்ல பிரதி கிடைக்கும்வரை காத்திருங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது அதனால்தான்.

இந்த வீட்டில் நால்வர் வசிக்கிறார்கள். நால்வரையும் ஒரே சட்டகத்தில் நாம் பார்ப்பதேயில்லை. கணவன் படுக்க வரும்போது மனைவி தூங்குவதாகப் பாவனை செய்கிறாள்; கேமரா அவள் முகத்திலேயே நிற்கிறது, கணவன் சுவரில் ஒரு நிழலாகவும் காலடி ஓசையாகவும் மட்டும் வருகிறான். தேன்கூட்டுக்குள் ஒவ்வோர் அறையும் தனித்தனி என்பதை வசனம் இல்லாமலே உணர்த்திவிடுகிறார்கள்.

இனி அக்காவும் தங்கையும். கேள்விக்குப் பதில் தெரியாத இசபெல், தங்கை விடாமல் கேட்கவே, படுக்கையில் ஒரு கதை கட்டுகிறாள்: யாரும் யாரையும் கொல்லவில்லை, சினிமாவில் எல்லாம் பொய், அந்தப் பூதத்தை நான் பார்த்திருக்கிறேன், அது ஓர் ஆவி, ஊருக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கிறது, நீ அதற்குத் தோழியாகிவிட்டால் நினைத்தபோது பேசலாம், கண்ணை மூடிக்கொண்டு “நான் அனா, நான் அனா” என்று கூப்பிட வேண்டும். இதைச் சொல்லும் குரலில் குறும்பும் உண்டு, பாசமும் உண்டு. இசபெலுக்கு இது விளையாட்டு. அனாவுக்கு இது வேதம். மறுநாள் இருவரும் பரந்த வெட்டவெளியைக் கடந்து, பாழடைந்த ஒரு கொட்டிலுக்கும் பக்கத்தில் இருக்கும் கிணற்றுக்கும் ஓடுகிறார்கள். மேட்டில் நிறுத்திவைத்த கேமரா அசைவதில்லை, இரண்டு புள்ளிகளாக அவர்கள் சிறுத்துக்கொண்டே போகிறார்கள், மேகத்தின் நிழல் வயல்மீது நகர்கிறது. லூயிஸ் டி பாப்லோவின் இசையில், ‘பொய்கள் சொல்லுவோம் வாருங்கள்’ என்ற ஸ்பானியச் சிறுவர் பாட்டின் மெட்டு தலைகாட்டுகிறது. அந்தப் பாட்டை அறிந்தவர்களுக்கு அந்த மெட்டே ஒரு விளக்கவுரை.

இசபெலை வெறும் பொய்சொல்லியாகப் படம் விட்டுவிடவில்லை. ஒருநாள் அவள் கறுப்புப் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுகிறாள். கொஞ்சும் கை மெதுவாகக் கழுத்தை இறுக்குகிறது. பூனை பிராண்டிவிட்டு ஓடுகிறது. விரலில் துளிர்த்த இரத்தத்தைக் கண்ணாடியைப் பார்த்தபடி உதட்டுச் சாயம்போல உதட்டில் தடவிக்கொள்கிறாள். இன்னொரு நாள் செத்தவள்போலத் தரையில் கிடந்து, அனாவை வீடு முழுதும் ஆள் தேடி அலையவிட்டு, பின்னாலிருந்து தந்தையின் தேனீக் கையுறையை மாட்டிய கையால் அவளைப் பிடிக்கிறாள். சாவு எப்படியிருக்கும் என்று ஒரு குழந்தை தொட்டுப் பார்ப்பதும், இன்னொரு குழந்தை அதை நம்பிவிடுவதும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. தங்கை அந்த விளையாட்டுக்குப் பிறகு அக்காவை முன்போல நம்புவதில்லை. கொட்டிலுக்குத் தனியாகவே போகத் தொடங்குகிறாள். தரையில் பதிந்திருக்கும் பெரிய காலடிச் சுவட்டுக்குள் தன் சின்னக் காலணியை வைத்துப் பார்க்கிறாள்.

பள்ளிக்கூடக் காட்சி ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. ‘தோன் ஹோசே’ என்று பெயரிட்ட, ஆளுயரப் பலகைப் பொம்மை ஒன்றுக்குப் பிள்ளைகள் இதயம், நுரையீரல், வயிறு என்று ஒவ்வொன்றாகப் பொருத்துகிறார்கள். கடைசியாக என்ன குறைகிறது என்று ஆசிரியை கேட்கிறார். அனா போய்க் கண்களைப் பொருத்துகிறாள். துண்டுகளைச் சேர்த்து மனிதனை உருவாக்கும் இந்தப் பாடம், முந்தின நாள் பார்த்த பூதத்தின் கதையை அரசாங்கப் பள்ளியின் ஒழுங்குக்குள் கொண்டுவந்து வைக்கிறது. காட்டில் காளான் பொறுக்கப் போகும் காட்சியும் இப்படித்தான்: நல்ல காளானா விஷக் காளானா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பறிக்காதே என்று தாத்தா சொன்னதைத் தந்தை சொல்லிக்கொடுக்கிறார், விஷக் காளான் ஒன்றைக் காட்டிவிட்டு அதைப் பூட்ஸ் காலால் நசுக்குகிறார். அவர் அன்பானவர்தான். ஆனால் அந்தக் கால் கீழே வரும்போது அனாவின் முகத்தைக் கவனியுங்கள்.

பிறகு ஒரு விடிகாலையில் ஓடும் ரயிலிலிருந்து ஒருவன் குதிக்கிறான், கணுக்கால் பிசகி நொண்டியபடி அந்தக் கொட்டிலுக்குள் புகுந்துகொள்கிறான். யார், எங்கிருந்து, எதற்காகத் தப்பி வந்தான் என்று ஒரு சொல்லும் இல்லை. போர் முடிந்த பின்னும் மலைகளிலும் காடுகளிலும் ஒளிந்து வாழ்ந்தவர்களும், சிறைகளிலிருந்து தப்பியவர்களும் இருந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அது போதும். அறியாத அனாவுக்கோ, தான் அழைத்த ஆவி வந்துவிட்டது. அவன் துப்பாக்கியை எடுக்கிறான், எதிரே நிற்பது குழந்தை என்று கண்டு கையைத் தாழ்த்துகிறான். அவள் ஓர் ஆப்பிளை நீட்டுகிறாள். பின்னர் தந்தையின் கோட்டைக் கொண்டுவந்து தருகிறாள், நொண்டும் காலின் காலணிக் கயிற்றைக் கட்டிவிட முயல்கிறாள். கோட்டுப் பையில் தந்தையின் இசைக் கடிகாரம் இருக்கிறது. அவன் அதைக் கைக்குள் மறைத்துக் காட்டி வேடிக்கை செய்கிறான். இருவருக்குமிடையே பேச்சே இல்லை. ஏரிக்கரையில் மரியாவும் பூதமும் பூப்போட்டு விளையாடிய காட்சி இங்கே திரும்பவும் நடக்கிறது, இந்த முறை வெட்டு வேறு விதமாக விழுகிறது: இரவு, தூரத்தில் கொட்டில், இருளுக்குள் துப்பாக்கி வெடிக்கும் ஒளி சில நொடிகள். மறுநாள் காலை அவன் உடல், சினிமா காட்டிய அதே மண்டபத்தில், அதே திரைக்கு அடியில் கிடத்தப்பட்டிருக்கிறது. சுட்டவர்களை நாம் பார்ப்பதில்லை.

உடலின்மீதிருந்த கோட்டும் கடிகாரமும் ஃபெர்னாண்டோவுடையவை என்பதால் குவார்டியா சிவில் போலீஸ் அவரை அழைத்து விசாரிக்கிறது. அதன்பின் வரும் காலையுணவுக் காட்சியைத்தான் நான் படத்தின் உச்சம் என்பேன். நால்வரும் ஒரே மேசையில். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனிச் சட்டகத்தில். கரண்டிச் சத்தம், கோப்பை வைக்கும் சத்தம். தந்தை பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் திறக்கிறார், மெல்லிய இசை எழுகிறது. அவர் இசபெலைப் பார்க்கிறார். அவள் முகத்தில் மாற்றமில்லை. அனாவைப் பார்க்கிறார். அனா கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தித் தந்தையைப் பார்க்கிறாள். கடிகாரம் திரும்பி வந்திருக்கிறது, ஆகவே அந்த மனிதன் இல்லை, அதில் அப்பாவுக்கு ஏதோ பங்கு இருக்கிறது. இத்தனையும் அந்த ஒரு பார்வையில் நடந்து முடிந்துவிடுகின்றன. ஒரு குடும்பத்துக்குள் போர் எப்படி நுழைகிறது என்பதை இவ்வளவு சிறிய ஓசையைக் கொண்டு காட்டிய வேறொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

குறையில்லாத படம் என்று நான் சொல்ல வரவில்லை. தெரேசாவின் இழை பின்பாதியில் மெலிந்துபோகிறது. முதல் பாதியில் அவளுடைய கடிதமும் சைக்கிளும் சுருதி கலைந்த பியானோவும் ஒரு முழுப் பெண்ணை நமக்குத் தந்துவிட, பிற்பாடு அவள் ஒரு கடிதத்தை நெருப்பில் போடுவதைக் காண்கிறோமே தவிர, அவளை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது எதுவென்று உணரும் அளவுக்கு அவளோடு இருக்க முடிவதில்லை. சொல்லாமல் விடுவது இந்தப் படத்தின் முறை என்பது உண்மை. ஆனால் சொல்லாமல் விடுவதற்கும் கைவிடுவதற்கும் இடையே வேறுபாடு இருக்கிறது, தெரேசா விஷயத்தில் அந்தக் கோடு ஓரிடத்தில் தாண்டப்பட்டுவிட்டதாகவே எனக்குப் படுகிறது. மாறாக, வீட்டை விட்டு ஓடிய அனாவுக்கு இரவில் ஆற்றங்கரையில் பூதம் நேரிலேயே தோன்றுவது மிகையானது என்று சிலர் கூறுவதை நான் ஏற்கவில்லை. தண்ணீரில் தன் முகம் தெரிய, அது கலைந்து பூதத்தின் முகமாக மாறுவதைப் பார்க்கும் குழந்தைக்கு அது உருவகமாக இருக்க முடியாது. படம் அவள் பக்கம் நிற்பதென்று முடிவுசெய்துவிட்ட பிறகு, அந்த இடத்தில் மட்டும் பின்வாங்கியிருந்தால் அதுதான் துரோகம்.

இப்படம் பிராங்கோ உயிரோடு ஆட்சியில் இருந்தபோது, தணிக்கை நடப்பில் இருந்தபோது எடுக்கப்பட்டது. தயாரித்தவர் எலியாஸ் கெரெஹெதா. திரைக்கதையை எரிசேயுடன் சேர்ந்து எழுதியவர் ஆங்கெல் ஃபெர்னாண்டெஸ் சாந்தோஸ். எரிசேக்கு இது முதல் முழுநீளப் படம். அவரே 1940இல் பிறந்தவர் என்பதால், இது அவர் பிறந்த ஆண்டின் கதையும்கூட. 1973 செப்டம்பரில் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் தங்கச் சிப்பி விருதைப் பெற்றது; ஸ்பானியப் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. வெட்டுவதற்குத் தணிக்கையாளர்கள் கையில் ஒரு வசனமும் சிக்கவில்லை. வெட்டப்பட்ட ஒரு காட்சியைச் சுற்றியே கதையை அமைத்து, அதைத் தணிக்கை மேசையின் வழியாகவே கொண்டுசென்ற அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கில்லெர்மோ டெல் டோரோவின் ‘பான்ஸ் லாபிரிந்த்’ படத்தைப் பார்த்துவிட்டு, அதே காலம், அதே போல ஒரு சிறுமி, அதே போல ஒரு பூதம் என்ற எதிர்பார்ப்போடு வருகிறவர்களுக்கு ஒரு சொல். 1944இல் நடக்கும் அந்தப் படத்தில் கொடியவன் யார், நல்லவர் யார் என்பது முகத்திலேயே எழுதியிருக்கும். மாய உலகம் கண்முன் விரியும். இங்கே அப்படியெதுவும் விரியாது. காட்சிகள் மெதுவாக வரும், ஒருவர் நடந்துபோய் மறையும்வரை காத்திருக்க வேண்டும், ஒலிகளைக் கேட்க வேண்டும். கைபேசியில் பார்க்கவே வேண்டாம். அறையை இருட்டாக்கி, பெரிய திரையில், இயன்றால் தலையணி ஒலிபெருக்கியோடு பாருங்கள். வசனம் மிகக் குறைவு என்பதால் துணையெழுத்து உங்களைத் தொந்தரவு செய்யாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பார்க்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல உங்களிடம் நேரம் இருக்க வேண்டும்.

எரிசே இதுவரை முடித்திருக்கும் முழுநீளப் படங்கள் நான்குதான். நான்காவதான ‘செர்ரார் லோஸ் ஓஹோஸ்’ (‘கண்களை மூடுதல்’) 2023இல் வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதில் அனா டோரென்ட் மீண்டும் நடித்திருக்கிறார். அதைப் பார்க்க எண்ணுபவர்கள் முதலில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அங்கே போங்கள். அவர் அதில் பேசும் இரண்டு சொற்கள் உங்களை வந்து தாக்க வேண்டுமானால் இந்த வரிசைதான் சரி.

காணாமல்போன அனா உயிரோடு கிடைத்தபின், அவளைப் பரிசோதிக்கும் மருத்துவர் தாயிடம், அவள் இன்னும் குழந்தை, கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடுவாள், முக்கியமானது உங்கள் மகள் உயிரோடிருப்பதுதான் என்கிறார். ஆறுதலாகத்தான் சொல்கிறார். அந்த ஊரில் எல்லாருக்கும் அதே மருந்துதான் எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அன்றிரவு தெரேசா, எழுதும் மேசையிலேயே தூங்கிவிட்ட கணவனின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தோளில் போர்த்திவிட்டு விளக்கை அணைக்கிறாள். அனா கட்டிலை விட்டு எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மாடிக் கதவைத் திறக்கிறாள். அதுவரை தேன் நிறத்தில் இருந்த வீட்டுக்குள் நீல நிலவொளி பாய்கிறது. அக்காவின் பழைய சொற்கள் ஒலிக்கின்றன. அவள் கண்களை மூடுகிறாள். எங்கோ தூரத்தில் ஒரு ரயில் போகும் சத்தம் மிக மெலிதாக வரும். அதைக் கேட்கும்வரை ஒலியைக் குறைத்துவிடாதீர்கள்.